புஷ்பவள்ளியின் இரண்டு குரல்கள்

"இந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா, அது மட்டும் தெரிஞ்சா போதும்மா" என்று சொல்லிவிட்டு, தட்சிணாமூர்த்தி ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார்.

பையிலிருந்து சட்டைகள் சரிந்து விழுந்தன. நீலம், வெள்ளை, பழுப்பு, கோடு போட்டது. எல்லாம் மடிப்புக் கலையாத புதுச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் அட்டையை மட்டும் யாரோ கவனமாக வெளியே எடுத்து, மறுபடி செருகி வைத்திருந்தார்கள்.

மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பார்த்த மாடி அறை அது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஸ்ரீமதியின் துப்பறியும் நிலையம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். காணாமல் போனவரைத் தேடச் சொல்லி யாராவது வந்துவிட்டால் ஸ்ரீமதி, தன்னால் முடியாமல் போனால் என்ன செய்வது என்று முதல் நிமிடத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அதனாலேயே எதையும் வரிசை மாறாமல் செய்வாள். முதலில் பொருள், பிறகு ஆள், கடைசியில்தான் சந்தேகம்.

அவளுடைய உதவியாளன் அஷ்பாக்குக்கு வரிசையெல்லாம் கிடையாது.

"காணாம போனது பொண்ணா சார், இல்ல உங்க ஊரு இஸ்திரிக்காரரா?" என்று ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. சொல்ல வேண்டியதை எண்ணி எண்ணிச் சொன்னார்.

சிதம்பரத்தில் 'இழைத்துணை' என்று ஒரு ஆடை நிறுவனம் இருக்கிறது. ஆதரவில்லாத பெண்களுக்குத் தையல் வேலை கொடுத்து, அவர்கள் தைத்ததை ஆன்லைனில் விற்கிறார்கள். ஒவ்வொரு சட்டையிலும் தைத்தவரின் பெயரும் ஊரும் போட்ட அட்டை தொங்கும். அட்டையில் உள்ள க்யூ.ஆர். கோடை போனில் காட்டினால், தைத்த பெண்ணே பேசி நன்றி சொல்வாள். நல்ல காரியமாயிற்றே என்று அவரும் ஒன்று வாங்கினார். பேசியது புஷ்பவள்ளி என்ற பெண். பிறகு புஷ்பவள்ளி தைத்ததாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார். போன மாதம் வந்த சட்டையிலும் அதே பெயர், அதே ஊர். குரல் மட்டும் வேறு.

அவர் போனை மேசையில் வைத்து ஒலிக்கவிட்டார்.

"எம்பேரு புஷ்பவள்ளி. குறிஞ்சிப்பாடி. இந்தச் சட்டைய நான்தான் தைச்சேன். நீங்க வாங்குறதாலதான் எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவுது. சந்தோஷமா உடுத்திக்கிங்க."

கொஞ்சம் கரகரத்த, அவசரமில்லாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அடுத்து புதுச் சட்டை. அதே வார்த்தைகள், ஆனால் செய்தி வாசிப்பதுபோல் ஒரு இளம் குரல்.

"கம்பெனிக்கு போன் பண்ணேன். நல்லாத்தான் இருக்காங்க சார்னு சொல்லி வச்சிட்டாங்க. நல்லா இருக்கறவ எதுக்கு இன்னொருத்திய வச்சி பேசணும்?"

போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிப் பார்த்திருக்கிறார். சட்டைக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். இதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு ஸ்ரீமதி வரிசையை ஆரம்பித்தாள். சட்டைகளை விரித்துத் தையலைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கழுத்துப்பட்டி ஒரே மாதிரி திரும்பியிருந்தது. ஒரே கை தைத்தது. ஆக, தைப்பவள் மாறவில்லை, பேசுபவள்தான் மாறியிருக்கிறாள். அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை ஸ்ரீமதி எளிதில் நம்புவதில்லை, அதுவும் தனக்குத் தோன்றுவதை.

பிறகு ஒவ்வொரு அட்டையாகக் குரலைக் கேட்டார்கள். பழைய குரலே வந்துகொண்டிருந்தது. வேலைக்காகக் கேட்கிறோம் என்று ஆரம்பித்த ஸ்ரீமதி, முடிந்த பிறகும் ஒன்றிரண்டை மறுபடி ஒலிக்கவிட்டாள். அந்த அறையில் அவளிடம் 'சந்தோஷமா' என்ற வார்த்தையை யாரும் சொல்லி நாளாகியிருந்தது.

கோடு போட்ட சட்டையின் அட்டையில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சின்னத் தயக்கத்துக்குப் பிறகு அந்தக் குரல் சொன்னது: "இன்னிக்கு எங்க வீட்டுல மீன் ஆணம்."

"இதுல உனக்கு வித்தியாசமா ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டாள் ஸ்ரீமதி.

"பட்டுச்சு மேடம். என்ன மீனுன்னு சொல்லல."

"ஆணம்னா?"

"என்ன மேடம் இப்டி கேட்டுட்டீங்க. குழம்பு."

"யாரு அப்டி சொல்லுவாங்க?"

"எல்லாரும்தான். எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்த அஷ்பாக், வாயைத் திறந்தபடியே நின்றான். லால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் அவன். முஸ்லிம் வீடுகளில் குழம்பு என்றால் ஆணம். தினமும் காதில் விழும் வார்த்தை என்பதால் அது அவன் காதை உறுத்தவே இல்லை. ஸ்ரீமதிக்குத்தான் உறுத்தியது.

"குறிஞ்சிப்பாடி புஷ்பவள்ளி வீட்டுல குழம்பு கொதிக்கும். ஆணம் கொதிக்காது" என்றாள் ஸ்ரீமதி. "இது உங்க ஆளு."

"ஊரு ஊரா சுத்துற நம்ம தொழில்ல, ஒரு குழம்புல கேஸ் கெடைக்கும்னு நெனக்கல மேடம்."

ஸ்ரீமதிக்கு மகிழ்ச்சி வரவில்லை. போன தீபாவளிக்கு அவளும் இழைத்துணையில் ஒரு குர்தி வாங்கியிருந்தாள். பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லை; யாருக்கோ உதவினோம் என்ற நிம்மதியாவது இருக்கட்டும் என்று வாங்கியது. புஷ்பவள்ளி என்று ஒருத்தியே இல்லாமல், யாரோ ஒருத்தியைப் பேசவைத்து ஊரை ஏமாற்றுகிறார்களா? இல்லை, புஷ்பவள்ளி இருந்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறினார்கள்.

கனகசபை நகரில் ஒரு சாதாரண மாடிவீடுதான் இழைத்துணை. தனக்குக் கல்யாணம் என்றும், மாப்பிள்ளைத் தோழர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சட்டை வேண்டும் என்றும் அஷ்பாக் சொன்னான். மேடம் யார் என்று கேட்டதற்கு, "கல்யாணம் வேணாம்னு சொல்ற அக்கா" என்றான். நடத்துகிறவள் சுவேதா, முப்பதுக்குள் இருப்பாள். அவள் "வாங்க, உள்ள வந்து துணியப் பாருங்க" என்று சொன்ன மாத்திரத்தில் ஸ்ரீமதி அஷ்பாக்கைப் பார்த்தாள். செய்தி வாசிக்கும் அந்த இரண்டாவது குரல் இவளுடையது.

தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் ஸ்ரீமதிக்கு என்னவோ குறைவதுபோல் பட்டது. மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஆனால் ஒரு பேச்சு, ஒரு அதட்டல், ஒரு ரேடியோப் பாட்டு கிடையாது. இத்தனை பெண்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இப்படி ஓர் அமைதியை அவள் பார்த்ததில்லை. சுவேதா சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்து ஏற்றினாள். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"இங்க யாருக்கும் காது கேக்காது. பேசவும் மாட்டாங்க. கூப்புடணும்னா லைட்டுதான்" என்றாள் சுவேதா.

ஜன்னலோரம் இருந்தவளை அவள் கைகாட்டினாள். பழுப்புப் புடவை கட்டிய ஒல்லியான பெண் எழுந்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு, தன் மெஷினில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். புஷ்பவள்ளி, குறிஞ்சிப்பாடி. பெயருக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தாள்.

உயிரோடு இருந்தாள். இரண்டு குரல்களில் எதுவும் அவளுடையது இல்லை.

ஸ்ரீமதி பொய்யை விட்டுவிட்டாள். தான் யார் என்பதைச் சொல்லி, அட்டையில் இதை ஏன் சொல்வதில்லை என்று கேட்டாள். சுவேதாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் பதில் சொன்னாள். ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். காது கேளாதவர் தைத்தது என்று போட்டதும் பரிதாபப்பட்டு ஒன்று வாங்குவார்கள், உடுத்த மாட்டார்கள், மறுபடி வரவும் மாட்டார்கள். சட்டைக்காகச் சட்டை வாங்கட்டும் என்று இந்தப் பெண்களே அதை எடுக்கச் சொன்னார்களாம். பெயர் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். இவர்கள் கையால் சொல்வதை ஒருத்தி வாயால் சொன்னாள். அவள் யார், ஏன் நிறுத்தினாள் என்று கேட்டபோது, "அவங்க இப்ப இங்க இல்ல" என்று சுவேதா முடித்துக்கொண்டாள். கொஞ்சம் அவசரமாகவே முடித்தாள்.

வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று ஸ்ரீமதி நினைத்தாள். அப்போது அஷ்பாக் மேற்கூரையைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தான்:

"எங்க உம்மா வெக்கிற மீன் ஆணத்துல மீனக் கண்டுபுடிக்கத்தான் மேடம் நான் மொதல்ல துப்பறியவே கத்துக்கிட்டேன்."

கூடத்தில் ஒரு தலையும் அசையவில்லை. மெஷின்கள் ஓடின. கடைசி மேசையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் தோள்கள் மட்டும் இரண்டு தடவை குலுங்கின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கீழே குனிந்தாள். தலையில் முக்காடு இருந்தது.

ஸ்ரீமதி அவள் பக்கத்தில் போய் நின்றாள். தான் பார்த்தது சரிதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்ன மீனுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே?"

ஊசி நின்றது. கரகரத்த அந்தக் குரல் வந்தது.

"பாறை."

அவள் பெயர் ஷமீனா. பரங்கிப்பேட்டைக்காரி. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் கைப்பேச்சு அவளுக்குப் பிள்ளை நாளிலிருந்தே பழக்கம். துணி அடுக்கிய பின்னறையில் அவளை உட்காரவைத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஸ்ரீமதி தைரியம் சொன்னாள். உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று தூக்கமில்லாமல் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு இது நல்ல செய்தி என்றாள். தொழிலில் எப்போதாவது கிடைக்கும் சந்தோஷம் அது. அதை அவள் கொஞ்சம் ரசித்தேவிட்டாள்.

"யாரு தேடறாங்க?" என்றாள் ஷமீனா.

"மஞ்சக்குப்பம் தட்சிணாமூர்த்தின்னு ஒரு சார்."

ஷமீனா எழுந்துவிட்டாள். வாசலைப் பார்த்தாள். அவர் கூட வந்திருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்று சொன்ன பிறகும் உட்காரவில்லை.

அப்போதுதான் ஸ்ரீமதிக்கு அந்த வரி உறைத்தது. இன்னிக்கு எங்க வீட்டுல மீன் ஆணம். சட்டை வாங்கினவருக்கு நன்றி சொல்கிறவள் வீட்டுச் சாப்பாட்டை எதற்குச் சொல்ல வேண்டும்? அது செய்தி இல்லை, பதில். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவள், அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

"அவரு உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

நன்றி கேட்டவர்கள் திருப்பிப் பேசவும், போனில் திறக்கும் அந்தப் பக்கத்தில் வசதி உண்டாம். யாரும் பேசுவதில்லை. இவர் மட்டும் பேசுவார். முதலில் நன்றி. பிறகு, பொண்ணு எப்படிப் படிக்குது. பிறகு, சாப்பிட்டியாம்மா. தினமும் சாயங்காலம் வரும். ஷமீனாவுக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கேள்வியை அவளிடமும் கேட்க ஆளில்லை. ஒரே ஒரு தடவை, அவருக்குப் போகும் அடுத்த சட்டைக்குப் பேசும்போது பதிலைச் சொல்லிவைத்தாள்.

"அதுக்கப்புறம்தான் மேடம், ஞாயித்துக்கெழம குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னேன், நீ வரலியேன்னு பேசியிருந்தாரு. அடுத்த வாரமும் நின்னேன்னாரு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பரங்கிப்பேட்ட. ஆனா புஷ்பவள்ளி நெசமாவே அந்த ஊரு. ஞாயித்துக்கெழம ஆனா பொண்ணப் பாக்க அந்த ஸ்டாண்டுலதான் எறங்குவா." ஷமீனா கதவிடுக்கு வழியே ஜன்னலோரத்தைப் பார்த்தாள். "அவ பின்னாடி ஒருத்தரு நடந்து வந்தாகூட அவளுக்குக் கேக்காது மேடம்."

அட்டையில் பெயரையோ ஊரையோ மாற்றிவிடலாம் என்று சுவேதா சொன்னாளாம். புஷ்பவள்ளி ஒப்புக்கொள்ளவில்லை. தன் பெயரையும் ஊரையும் நாலு பேர் படிக்கிறார்கள் என்பதற்காகத்தான் அவளுக்கு இந்த வேலையே. ஆகவே குரலை மாற்றினார்கள். குரல் மாறினால் ஆள் அலுத்துப் போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் துப்பறிகிறவளைத் தேடிப் போவார் என்று நினைக்கவில்லை.

"நான் எங்க இருக்கேன்னு அவருகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள் ஷமீனா.

திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்ரீமதி அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டுபிடித்துத் தர ஒப்புக்கொண்டவள். கண்டுபிடித்தும் விட்டாள். தட்சிணாமூர்த்தி வெறும் தனிமையில் பேசிய மனிதராக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். இரண்டு வகை ஆட்களும் ஒரே மாதிரிதான் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். பிரித்துப் பார்க்க அவளிடம் வழி இல்லை. ஷமீனா பயப்படுகிறாள் என்று சொன்னால் மன்னிப்புக் கேட்கவாவது தேடிப் போவார். ஊமைப் பெண் என்று வாய் தவறினால் குறிஞ்சிப்பாடியில் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது அஷ்பாக் பேசினான். "மேடம், கம்ப்யூட்டர் பேசுச்சுன்னு சொல்லிடுங்க. இப்பல்லாம் எல்லாத்தையும் அதான பேசுது. ஆளே இல்லன்னா யாரைத் தேடுவாரு?"

அவன் சொன்னதிலேயே கச்சிதமான யோசனை அதுதான். ஸ்ரீமதிக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று கடலூர் வந்து சேரும்வரை அவளுக்குக் கிடைக்கவும் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் வெயில் இறங்கியிருந்தது. அஷ்பாக் தெருமுனையில் பைக்கோடு நின்றுகொண்டான். தட்சிணாமூர்த்தி கேட்டைத் திறக்கும்போதே, "இருக்காளா?" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்து, ஸ்ரீமதி சொன்னாள். அது ஆள் குரல் இல்லை, கம்ப்யூட்டர் பேசும் குரல். பழையது போரடித்துப் புதியதை மாற்றியிருக்கிறார்கள். புஷ்பவள்ளி என்பதும் அவர்களாக வைத்த பெயர். அப்படி யாரும் கிடையாது. சொல்லும்போது தன் குரல் தடுமாறவில்லை என்பதைக் கவனித்தாள்.

அவர் மேசைமேல் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் சாப்டியான்னு கேட்டேன்மா. பதில் வந்துச்சே."

"இப்பல்லாம் அதுவே பதில் சொல்லும் சார்."

அவர் தலையாட்டினார். உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன் என்று, கேட்காமலே குறிஞ்சிப்பாடியைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறிப் போய் ஸ்டாண்டில் நிற்பார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாராவது சிரித்தபடி இறங்கினால், இவளாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். கிட்டே போனதில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

ஸ்ரீமதி கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லவர் இப்படித்தான் சொல்வார். மற்றவரும் இப்படிச் சொல்லக்கூடும்.

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்தார். முகத்தில் அவள் எதிர்பார்த்த கோபமோ அவமானமோ இல்லை. ஏதோ பாரம் இறங்கியது போல் இருந்தது.

"அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல?"

"ஆகல சார்."

"அது போதும்மா. அந்தப் புதுக் குரலக் கேட்டதுலேர்ந்து, ஒரு புள்ளய யாரோ என்னமோ பண்ணிட்டாங்கன்னே நெனச்சிக்கினு இருந்தேன். யாருமே இல்லன்னா, யாருக்கும் எதுவும் நடக்கலல்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். "மிஷின்கிட்ட பேசிக்கினு இருந்தது நான்தான். பரவால்ல."

ஸ்ரீமதிக்கு உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜன்னலோரம் குனிந்திருந்த முதுகை நினைத்துக்கொண்டாள். சொல்லாமலே எழுந்தாள். அவர் கேட்வரை கூட வந்து, வெளியே போனதும் தாழ்ப்பாளைப் போட்டார்.

தெருமுனையில் அஷ்பாக் ஹெல்மெட்டை நீட்டினான்.

"நம்பிட்டாரா மேடம்?"

"நம்பிட்டாரு."

அவன் வண்டியில் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. "நல்லவருதானா?"

"நல்லவரு" என்றாள் ஸ்ரீமதி. "வண்டிய எடு."